சீட்டு இறங்க மாட்டேங்குது, பைப்ப வெட்டிடலாமா? – சைக்கிள் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கம். தாம்பரம் பக்கத்துல வீட்லயே தையல் வேலை பாக்குறேன், உயரம் 5 அடி 1 இன்ச். பக்கத்து வீட்டுப் பையன் ஹாஸ்டலுக்குப் போனதால அவனோட கியர் சைக்கிள செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன். சீட்ட எவ்ளோ அமுக்கினாலும் பாதியோட நின்னுடுது, பெடல் கீழ போறப்ப கால் எட்டாம இடுப்ப ஆட்டி ஆட்டித்தான் மிதிக்கிறேன். கடையில கேட்டா பிரேம் உங்களுக்குப் பெருசு, வேற சைக்கிள் பாருங்கன்னுட்டாங்க. வீட்ல ஆக்ஸா பிளேடு இருக்கு. சீட்டு பைப்ப நானே வெட்டலாமா, எந்தப் பக்கம் வெட்டணும்? உடைஞ்சு விழுந்துடுவேன்னு வீட்டுக்காரர் பயமுறுத்துறார்.

பதில்: வெட்டலாம் தங்கச்சி. இரும்பு பைப்போ அலுமினிய பைப்போ எதுவா இருந்தாலும் வீட்டு ஆக்ஸா பிளேடால வெட்டிடலாம், கால் மணி நேர வேலை. ஆனா உங்க வீட்டுக்காரர் சொல்றதும் சும்மா இல்ல. வெட்டுறதுல ஆபத்து இல்ல, வெட்டினதுக்கு அப்புறம் பைப்புல ஒரு கோடு பொய் சொல்ல ஆரம்பிக்கும், அதுலதான் ஆபத்து இருக்கு. அந்தக் கோட்டப் பத்திக் கீழ சொல்றேன்.

முதல்ல பைப் ஏன் நிக்குதுன்னு பாத்துடுங்க. ஆழம் தெரியாம காலை விடாதேம்பாங்கல்ல, இங்க ஆழம் தெரியாம பிளேட வைக்கக் கூடாது. சீட்டோட பைப்ப முழுசா வெளிய உருவிட்டு, பிரேம் ஓட்டைக்குள்ள செல்போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. பெரும்பாலும் தண்ணி பாட்டில் ஸ்டாண்டு மாட்டுற ரெண்டு போல்ட்டோட பின்பக்கம் உள்ள நீட்டிக்கிட்டு இருக்கும், பைப் அதுல இடிச்சுத்தான் நிக்கும். அப்படின்னா பாட்டில் போல்ட்ட கழட்டிட்டு ஒரு தடவ இறக்கிப் பாருங்க, யாராவது நீளமான போல்ட்ட மாத்திப் போட்டிருந்தா சின்ன போல்ட்டு போட்டாலே வேலை முடிஞ்சுது, வெட்டவே வேணாம். போல்ட்ட எடுத்தும் இடிச்சா உள்ள இருக்கிற மரையே தடுக்குதுன்னு அர்த்தம், அத ஒண்ணும் பண்ண முடியாது. சில பிரேம்ல குழாய் கீழ வளைஞ்சிருக்கும், சிலதுல உள்விட்டம் கீழ போகப்போகக் குறுகும், சிலதுல துருவும் மண்ணும் உருண்டு அடைச்சிருக்கும். துருன்னா குச்சியில துணி சுத்தித் துடைச்சாலே ரெண்டு மூணு செ.மீ. கூட இறங்கும்.

அப்புறம், எவ்ளோ இறக்கணும்? இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. சீட்டுல உக்காந்தபடியே ரெண்டு பாதமும் தரையில பதியணும்னு ஆசப்படுறாங்க, அவ்ளோ இறக்கினா ஒரு கிலோமீட்டர்ல முட்டி வலிக்கும், அப்புறம் சைக்கிளே சரியில்லைன்னு மூலையில சாத்திடுவாங்க. நிக்கறப்ப சீட்ட விட்டு முன்னாடி இறங்கி நிக்கணும், அதுதான் பழக்கம். சுவரோரமா சைக்கிள நிறுத்தி ஏறி உக்காந்து, பெடல அடியில கொண்டு போய் அதுல குதிகால வைங்க. குதிகால் வச்சா கால் நேரா நீட்டியிருக்கணும், அப்ப முன்பாதத்தால மிதிக்கறப்ப முட்டி லேசா மடங்கி இருக்கும், சரியான உயரம் அதான். குதிகால் எட்டலைன்னா எவ்ளோ எட்டலையோ அவ்ளோதான் இறக்கணும், அதுக்கு மேல வேணாம். கணக்கு பிடிக்கும்னா இன்னொண்ணும் இருக்கு, டூர் டி பிரான்ஸ் ரேஸ 3 தடவ ஜெயிச்ச கிரெக் லெமாண்ட் பேர்ல சொல்ற கணக்கு: தொடை இடுக்குலருந்து தரை வரைக்கும் உள்ள கால் அளவ 0.883-ஆல பெருக்கினா, ரெண்டு பெடல் கையும் பிரேம்ல சேர்ற அச்சு நடுவுலருந்து சீட்டு மேல்பக்கம் வரைக்கும் இருக்க வேண்டிய உயரம். கால் அளவு 70 செ.மீ.ன்னா 62 கிட்ட வரும். ரேஸ் ஓட்டுறவங்க கணக்கு அது, புதுசா பழகுறவங்க ஒரு ரெண்டு செ.மீ. குறைச்சே வச்சுக்கலாம், பழகப் பழக ஏத்திக்கலாம்.

நீங்க தையல்காரம்மா, வெட்டுறதுக்கு முன்னாடி அளக்கணும்னு நான் சொல்லித்தர வேண்டியதில்ல. உங்க இன்ச் டேப்பே போதும். ஒரு உதாரணத்துக்கு உங்க பைப் மொத்தம் 350 மி.மீ. நீளம்னு வச்சுக்குவோம், கியர் சைக்கிள்ல அந்த நீளம் சகஜம். அதுல 180 உள்ள போய் இடிச்சு நிக்குது, 170 வெளிய தெரியுது. உங்களுக்கு 60 மி.மீ. இறங்கணும். அப்ப வெளிய 110 தெரியணும், உள்ள 240 போகணும், ஆனா உள்ள இடம் 180-தான். 60 பத்தல. அதோட பைப் நுனி அந்த மரையில முட்டிக்கிட்டே இருக்கக் கூடாதுன்னு 10 மி.மீ. சேத்துக்கோங்க, ஆக 70 மி.மீ. வெட்டணும். பைப் 280 ஆகும். உங்க அளவுகள இதே மாதிரி பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு, மறுநாள் காலையில இன்னொரு தடவ அளங்க. நான் சின்ன வயசுல சீட்டு மேல்பக்கத்துலருந்து ஒரு தடவ, பைப் தலைலருந்து ஒரு தடவன்னு மாத்தி மாத்தி அளந்து ஒரு இன்ச் கூடுதலா வெட்டினவன், அந்த பைப் கடைசியில தம்பி சைக்கிளுக்குப் போச்சு. சந்தேகமா இருந்தா முதல்ல 50 மட்டும் வெட்டி மாட்டிப் பாருங்க. மறுபடி வெட்டலாம், ஒட்டத்தான் முடியாது.

எந்தப் பக்கம்னா அடிப்பக்கம்தான், பிரேமுக்குள்ள போற நுனி. தலைப்பக்கம் சீட்டப் பிடிக்கிற கிளாம்ப் இருக்கே, அதத் தொடவே கூடாது.

இப்ப அந்தக் கோட்டுக்கு வருவோம். பைப்ப உருவினீங்கள்ல, அடியிலருந்து கொஞ்சம் மேல சுத்திவர சின்னச் சின்னக் கோடா செதுக்கியிருக்கும், பக்கத்துல இங்கிலீஷ்ல மினிமம் இன்சர்ஷன்னோ மேக்ஸ்னோ எழுதியிருக்கும். இந்தக் கோடு வெளிய தெரியிற அளவுக்கு சீட்ட ஏத்தாதேன்னு அர்த்தம். அமெரிக்க அரசோட சைக்கிள் பாதுகாப்பு விதியில, இந்தக் கோடு பைப்போட அடிநுனியிலருந்து பைப் விட்டத்துல ரெண்டு மடங்காவது மேல இருக்கணும்னே இருக்கு. உங்க பைப் 27.2 மி.மீ. விட்டம்னா குறைஞ்சது 54 மி.மீ. ஏன் அவ்ளோன்னா, நம்ம மொத்த எடையும் அந்தப் பைப்ப பின்னாடி பாத்து நெம்புது, கடப்பாரைய குழியில நட்ட மாதிரி. குழி ஆழமா இருந்தா அசையாது, ஒரு சாண் கடப்பாரைய ரெண்டு விரக்கடை ஆழத்துல நட்டா என்ன ஆகும்? பைப் மட்டும் இல்ல, பிரேமோட வாயே கிழியும், பைப்ப மாத்தலாம் பிரேம எங்க போய் மாத்துறது.

பைப்புல கோடு அடியிலருந்து 80 மி.மீ.ல இருக்குன்னு வைங்க, நீங்க அடியில 70 வெட்டிட்டீங்க. இப்ப அந்தக் கோடு புது நுனியிலருந்து வெறும் 10 மி.மீ.லதான் இருக்கு. ஆறு மாசம் கழிச்சு உங்க தம்பியோ வீட்டுக்காரரோ சைக்கிள எடுக்கிறாரு, சீட்ட ஏத்துறாரு, கோடு இன்னும் தெரியலையே பரவால்லைன்னு நினைச்சு ஏத்திக்கிட்டே போறாரு, உள்ள ஒரே ஒரு செ.மீ. பைப்தான் இருக்கு. அவரு சொன்ன மாதிரியே உடைஞ்சு விழுவாரு, விழுறது நீங்களா இருக்க மாட்டீங்க. அதனால வெட்டின உடனே, பிரேம்ல மாட்டுறதுக்கு முன்னாடியே, புது நுனியிலருந்து 80 அளந்து புதுக் கோடு போடுங்க. பழையத பெயிண்ட்டோ நெயில் பாலிஷோ அடிச்சு மறைச்சிடுங்க. புதுக் கோட்ட பர்மனென்ட் மார்க்கர்ல போட்டு மேல நெயில் பாலிஷ் பூசினா சீக்கிரம் அழியாது, ஆணியால ஆழமா கீறாதீங்க, கீறின இடத்துலதான் விரிசல் பிறக்கும். உதாரணக் கணக்குப்படி உங்களுக்கு வெளிய 110 தெரிஞ்சா உள்ள 170 இருக்கு, தாராளம். ஏத்தணும்னாலும் வெளிய 200 வரைக்கும் ஏத்தலாம், அதனால வீட்டுக்காரரும் ஓட்டிக்கலாம்னு சொல்லுங்க.

இன்னொரு விஷயமும் பாத்துக்கோங்க. பிரேம்ல படுக்கைக் குழாய் வந்து சேர்ற வெல்டிங் இருக்கும்ல, பைப்போட நுனி அந்த வெல்டிங்கத் தாண்டிக் கீழ ரெண்டு மூணு செ.மீ.யாவது இறங்கி நிக்கணும். சில பிரேம்ல சீட்டுக் குழாய் வெல்டிங்குக்கு மேல அஞ்சாறு செ.மீ. கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அங்க 80 பத்தாது, வெல்டிங்கத் தாண்டுற அளவுக்குக் கணக்குப் போட்டு கோட்ட இன்னும் மேல வைக்கணும்.

சரி, வெட்டுற வேலை. பிரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்த பைப்புல வச்சுப் பாருங்க, ஒட்டினா இரும்பு, ஒட்டலைன்னா அலுமினியம், கடையில அலாய்ம்பாங்க. ரெண்டையும் வெட்டலாம். கறுப்பா, நெய்த துணி மாதிரி கோடு கோடா தெரிஞ்சு, தட்டினா பிளாஸ்டிக் மாதிரி சத்தம் வந்தா அது கார்பன், அதுக்கு நான் சொல்ற எதுவும் பொருந்தாது, எடுத்து வச்சிடுங்க.

பிளேடு 12 இன்ச், இன்ச்சுக்கு 24 பல்லுன்னு கேட்டு வாங்குங்க, இரும்பு பைப்புக்கு 32 பல்லும் நல்லா இருக்கும். வீட்ல கெடக்கிற மழுங்கின பிளேடு வேணாம், பைப் சுவரு மெலிசு, பெரிய பல்லா இருந்தா மாட்டிக்கிட்டு பல்லு உதிரும். பிளேட்டுல அம்புக்குறி இருக்கும், அது கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம், அதாவது முன்னாடி பாத்து இருக்கணும். தள்ளறப்பதான் வெட்டும். நட்ட நல்லா இறுக்கிடுங்க, பிளேடு தொளதொளன்னு இருந்தா வெட்டு வாழப்பழம் மாதிரி வளையும்.

கோடு நேரா போட ஒரு சுலபமான வழி உங்களுக்கு உடனே புரியும். ஒரு வெள்ளத்தாளோட நேரான ஓரத்த பைப்பச் சுத்தி ரெண்டு சுத்து சுத்துங்க, பாவாடைக்கு ஓரம் மடிக்கிற மாதிரி ரெண்டு சுத்தோட ஓரமும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காந்தா அந்த ஓரம் பைப்புக்குச் செங்குத்தா இருக்குன்னு அர்த்தம். அதுல டேப்ப ஒட்டிக்கோங்க. இன்னும் சுத்தமா வேணும்னா ஹார்டுவேர் கடையில தண்ணி ஓசுக்குப் போடுற இரும்பு கிளிப் கிடைக்கும், பைப் விட்டத்துக்கு ஏத்ததா வாங்கி கோட்டு ஓரத்துல ஸ்க்ரூவ இறுக்கினா பிளேடு அதுல சாஞ்சுக்கிட்டே போகும், வழி மாறாது.

பிடிச்சுக்க வைஸ் இல்லைன்னா கவலப்படாதீங்க. சீட்ட கழட்டாம அப்படியே விடுங்க, அதுதான் உங்க கைப்பிடி. மர ஸ்டூல் மேல பழைய டியூப் ரப்பர் போட்டு பைப்ப படுக்க வைங்க, வெட்டுற நுனி மட்டும் ஸ்டூல் ஓரத்த விட்டு நாலு விரக்கடை வெளிய நீட்டட்டும், சீட்டு அந்தப் பக்கம் ஸ்டூல்ல அணைஞ்சு நிக்கும். வீட்டுக்காரர சீட்டையும் பைப்பையும் அமுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க, பயமுறுத்தினதுக்கு அவருக்கும் ஒரு வேலை. கீழ நியூஸ் பேப்பர விரிச்சு செருப்பு போட்டுக்கோங்க, அந்தத் தூள் வெறுங்கால்ல ஏறினா ஒரு வாரம் குத்தும், குழந்தைங்க தவழ்ற வீடா இருந்தா மாடியிலயோ வாசல்லயோ வச்சுக்கோங்க. கண்ணுக்குக் கண்ணாடி.

முதல்ல பிளேட பின்பக்கமா லேசா இழுத்து ஒரு தடம் போடுங்க. தடம் விழுந்ததும் பைப்பக் கொஞ்சம் திருப்பி அங்க ஒரு தடம், இப்படியே சுத்திவர ஒரு வளையம் மாதிரி தடம் வந்துடணும், அதுக்கப்புறம் ஒரே பக்கமா ஆழமா போகாம திருப்பித் திருப்பி வெட்டினா கடைசியில ரெண்டு பக்க வெட்டும் வந்து சேரும். அவசரப்பட்டு பரபரன்னு இழுக்காதீங்க, பிளேட்டோட முழு நீளத்தையும் பயன்படுத்தி நிதானமா தள்ளுங்க, திரும்பி வர்றப்ப அமுக்க வேணாம். அலுமினியம் பிசுபிசுன்னு பல்லுல ஒட்டிக்கும், மெழுகுவத்திய பிளேட்டுல தேச்சுக்கிட்டீங்கன்னா ஒட்டாது. இரும்புக்கு ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், உங்க வீட்ல இல்லாமலா இருக்கும். துண்டு விழப்போற நேரத்துல வேகத்தக் குறைச்சிடுங்க, இல்லைன்னா கடைசிச் சுவரு பிஞ்சு வந்து பல்லு மாதிரி நீட்டிக்கும்.

வெட்டினதும் ஆசையா கொண்டு போய் மாட்டிடாதீங்க. துணி வெட்டினா பிசிறு நிக்குமே, இங்கயும் நிக்கும், இந்தப் பிசிறு பிளேடு மாதிரி கையக் கிழிக்கும், பிரேம் உள்சுவரையும் கீறும். தட்டையான அரம் வச்சு வெளி ஓரத்தச் சுத்திவர கொஞ்சம் சாய்வா ராவுங்க, உள் ஓரத்துக்கு அரைவட்ட அரம், அது இல்லைன்னா எமரி ஷீட்ட விரல்ல சுத்தித் தேய்ங்க. விரலால தடவினா எங்கயும் மாட்டக் கூடாது. கொஞ்சம் கோணலா வெட்டுப்பட்டிருந்தா வருத்தப்படாதீங்க, ரெண்டு மி.மீ. கோணல் பிரேமுக்குள்ள யாருக்கும் தெரியாது, கம்பெனியிலயே சில பைப்போட அடிய சாய்வாத்தான் வெட்டி அனுப்புறாங்க.

ஈரத்துணியால பைப் உள்ளயும் வெளியவும் துடைச்சுட்டு, இரும்பா இருந்தா வெட்டின விளிம்புல கொஞ்சம் பெயிண்ட் தொட்டு வைங்க, பச்சை இரும்பு ஒரு மழைக்கே துருப்பிடிக்கும். அப்புறம் பைப்ப முழுக்க மெலிசா கிரீஸ் தடவி இறக்குங்க. இறக்கி, பிரேம் வாயில இருக்கிற கிளாம்ப்ப இறுக்கி, சீட்டு மூக்கப் பிடிச்சு ரெண்டு பக்கமும் பலமா திருகிப் பாருங்க. திரும்பலைன்னா ஏறி உக்காரலாம்.

கேள்வி: எங்க தெரு முனை வெல்டிங் பட்டறையில கிரைண்டர்ல ஒரு நிமிஷத்துல வெட்டித் தர்றேங்கிறாங்க. ஆக்ஸா பிளேடு வச்சு எதுக்கு மல்லுக்கட்டணும்? பிளம்பர் பைப் கட்டர் வச்சு வெட்டினா என்ன? – காரைக்குடி வாசகர்

பதில்: இரும்பு பைப்புன்னா பட்டறையில தாராளமா வெட்டிக்கோங்க, நீங்க போட்ட கோட்டுல வெட்டச் சொல்லிப் பக்கத்துலயே நில்லுங்க, அவ்ளோதான். அலுமினியத்துக்கு இரும்பு வெட்டுற சாதா வீல் ஒத்துவராது, அலுமினியம் உருகி வீல்ல அப்பிக்கும், வீல் சூடாகி உடையக்கூட வாய்ப்பிருக்கு. பட்டறைக்காரருக்கு அது தெரியும், அவசரத்துல மறந்துடுவாரு.

பிளம்பர் கட்டர் ரொம்ப நேரா வெட்டும், அதுல குறையே இல்ல. ஆனா அது உலோகத்த அறுக்காது, சக்கரத்தால அமுக்கி அமுக்கிப் பிளக்கும், அதனால நுனியில ஒரு சின்ன மேடு எழும்பும். அந்த மேட்ட அரம் போட்டு எடுக்காம பைப் பிரேமுக்குள்ள போகவே போகாது, சுத்தியலால தட்டி உள்ள ஏத்தினீங்கன்னா அப்புறம் வெளிய வராது.

கேள்வி: என் சைக்கிள்ல சீட்டு பைப்புலயே ஷாக் இருக்கு, உக்காந்தா ரெண்டு இன்ச் அமுங்குது. அத வெட்டலாமா சார்? – கோயம்புத்தூர்

பதில்: வேணாம். பைப்ப உருவி அடியில பாருங்க, பெரிய எல்-கீ போடுற மாதிரி ஒரு மூடி திருகியிருக்கும், உள்ள ஸ்ப்ரிங் அந்த மூடியிலதான் நிக்குது. அந்த மரைய வெட்டிட்டா மூடி போட இடம் இருக்காது, ஸ்ப்ரிங் கீழ விழுந்துடும். பட்டன அமுக்கினா சீட்டு இறங்குற டிராப்பர் போஸ்ட்டும் இதே கதைதான். ரெண்டுக்கும் பதிலா அதே விட்டத்துல சாதா பைப் ஒண்ணு வாங்கி, வேணும்னா அத வெட்டிக்கோங்க. ஷாக் போயிடுச்சேன்னு கவலையா இருந்தா டயர்ல காத்த கொஞ்சம் குறைச்சு ஓட்டுங்க, பாதி சுகம் அதுலயே கிடைச்சுடும்.

வாங்கறப்ப விட்டத்துல கவனம் வைங்க. பைப்புல அடிக்கோட்டுக்குப் பக்கத்துலயே 27.2, 30.9, 31.6ன்னு அச்சடிச்சிருக்கும், அதே நம்பர்தான் வேணும். 0.2 மி.மீ. வித்தியாசத்துலயே அளவுகள் இருக்கு, 27.0 போட்டா 27.2 பிரேம்ல இறுக்க இறுக்க நழுவும். நம்பர் அழிஞ்சு போயிருந்தா யாராவது லேத் பட்டறையில வெர்னியர் வச்சு அளந்து தருவாங்க, கண்ணால பாத்து வாங்காதீங்க.

கேள்வி: பெரியவனோட 20 இன்ச் சைக்கிள சின்னவனுக்குக் குடுத்தேன். பழைய காலத்து மாதிரி வெறும் இரும்பு பைப், மேல நட்டு போட்ட சீட்டு. கீழ இடிக்குது. வெட்டலாம்னா பிடிச்சுக்க வைஸும் இல்ல, ஆளும் இல்ல. – திருநெல்வேலியிலிருந்து ஒரு அப்பா

பதில்: வைஸ் உங்க சைக்கிள்லயே இருக்கு. இந்த மாதிரி வெறும் பைப்புல மேல்நுனி, அதாவது சீட்டு மாட்டுற இடம், கொஞ்சம் ஒல்லியா இருக்கும் பாருங்க. நட்ட லூஸ் பண்ணி சீட்ட கழட்டிடுங்க, பைப்ப தலைகீழா திருப்பி ஒல்லி நுனிய பிரேமுக்குள்ள விடுங்க, பருமனான பாகம் கிளாம்ப்புக்குள்ள வர்ற வரைக்கும் இறக்கி போல்ட்ட இறுக்குங்க. இப்ப வெட்ட வேண்டிய நுனி வானத்தப் பாத்து நிக்கும், பிரேமே அதப் பிடிச்சுக்கும். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, பைப் உள்ள ஒரு பழைய துணிய நல்லா திணிச்சிடுங்க, கிளாம்ப்பச் சுத்தியும் ஒரு துணி கட்டிடுங்க, இல்லைன்னா அவ்ளோ இரும்புத் தூளும் பிரேம் வழியா இறங்கி பெடல் அச்சு பேரிங்ல போய் உக்காரும். சைக்கிள சுவத்தோட சாத்திக் கட்டிட்டு நிதானமா அறுங்க, ஆளே வேணாம். காந்தத்த பாலிதீன் கவர்ல போட்டு தரைய ஒரு சுத்து சுத்தினா விழுந்த தூள் எல்லாம் ஒட்டிக்கும், கவரத் திருப்பி உருவினா குப்பை அதுக்குள்ள. தலையில கிளாம்ப் சேர்ந்தே வர்ற கியர் சைக்கிள் பைப்புக்கு இந்த வித்தை நடக்காது, தலை உள்ள போகாதுல்ல.

ஆனா ஒண்ணு கேக்குறேன், சின்னவன் வளர மாட்டானா? அடுத்த வருஷம் அந்த நீளம் திரும்ப வேணும். சாதா இரும்பு பைப் சைக்கிள் கடையில சின்ன சைஸே கிடைக்கும், கொஞ்ச காசுதான், அத இப்ப போட்டுட்டு பழையத பரண்ல வச்சிடுங்க. கிடைக்கலைன்னா வெட்டுங்க.

கேள்வி: தாத்தாவோட 22 இன்ச் பெரிய சைக்கிள். பைப்ப வெட்டினா எனக்குக் கால் எட்டுமா? – மன்னார்குடி

பதில்: எட்டாது. அந்த சைக்கிள்ல சீட்டு ஸ்ப்ரிங்கே பிரேம முட்டிக்கிட்டு இருக்கும், பைப் எவ்ளோ சின்னதா இருந்தாலும் சீட்டு பிரேமுக்குள்ள போகாதே. உசரம் பிரேம்லதான் இருக்கு, பைப்புல இல்ல. தாத்தா சைக்கிள துடைச்சு எண்ணெய் போட்டு வைங்க, உங்களுக்கு அதே மாதிரி சின்ன பிரேம் தேடுங்க. இல்லைன்னா நாங்கல்லாம் பழகின மாதிரி குரங்கு பெடல்தான்.

கேள்வி: எங்க வீடு தூத்துக்குடி. சீட்டு பைப் பிரேமோட ஒட்டிப் போச்சு, மேலயும் வரல கீழயும் போகல. வெளிய தெரியிற பைப்ப பிரேம் ஓரமா அறுத்து எடுத்துட்டு புது பைப் போடலாமா?

பதில்: அய்யய்யோ, பிரேம் ஓரமா அறுத்துடாதீங்க! அறுத்தா பிடிச்சு இழுக்க ஒண்ணும் இருக்காது, உள்ள மாட்டுன துண்ட கடவுளாலதான் எடுக்க முடியும். உங்க ஊரு உப்புக்காத்து, இரும்பு பிரேம், அலுமினிய பைப், நடுவுல கிரீஸ் இல்ல, இது நாலும் சேந்தா ஒட்டத்தான் செய்யும், ரெண்டு வேற உலோகம் உப்பு ஈரத்துல தொட்டுக்கிட்டு இருந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளையா பூத்து உப்பி இறுக்கிடும்.

கிளாம்ப் போல்ட்ட முழுசா கழட்டிட்டு, துரு விடுற ஸ்ப்ரே எண்ணெய பைப் சுத்தி அடிங்க, பாட்டில் போல்ட்ட கழட்டிட்டு அந்த ஓட்டை வழியாவும் அடிங்க. ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில திரும்ப அடிங்க, நாலு நாள் இப்படிப் பண்ணுங்க. அப்புறம் சீட்ட மாட்டியே வச்சு, ஒருத்தர் பிரேமப் பிடிச்சுக்க, சீட்டு மூக்கையும் பின்பக்கத்தையும் பிடிச்சு திருகுங்க. இழுக்காதீங்க, திருகணும், முதல்ல ஒரு நூல் அசைஞ்சா போதும் மீதி தானா வரும். அசையவே இல்லைன்னா பெரிய வைஸ் இருக்கிற பட்டறைக்குத் தூக்கிட்டுப் போய், பைப் தலைய வைஸ்ல கடிக்க வச்சு பிரேமையே ஸ்டீயரிங் மாதிரி திருப்பச் சொல்லுங்க. பைப் போனா போகட்டும், பிரேம் வளையாம பாத்துக்கோங்க. வெளிய வந்ததும் பைப்புல புள்ளி புள்ளியா குழி விழுந்திருந்தா அத வெட்டியெல்லாம் திரும்பப் போடாதீங்க, புதுசு வாங்குங்க. இனிமே வருஷத்துக்கு ரெண்டு தடவ உருவித் துடைச்சு கிரீஸ் போடுங்க, மழைக்காலத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.

கேள்வி: போன மாசம் மகளுக்காக அலுமினிய பைப்ப 8 செ.மீ. வெட்டிட்டேன், அந்தத் துண்ட பத்திரமா வச்சிருக்கேன். வளர்ந்ததும் வெல்டிங் வச்சு ஒட்டிக்கலாமா? – சேலம்

பதில்: ஒட்டக் கூடாது சார். சீட்டு பைப்புக்குப் போடுற அலுமினியம் சூடுபண்ணிப் பதப்படுத்தின உலோகம், வெல்டிங் சூடு பட்ட இடத்துல அந்தப் பதம் போய் மெத்துன்னு ஆயிடும், அதுவும் சரியா எடை நெம்புற பாகத்துல வந்து நிக்கும். துண்ட வேற எதுக்காவது வச்சுக்கோங்க, எங்க வீட்ல ஒண்ணு பேனா ஸ்டாண்டா இருக்கு. அத விடுங்க, வெட்டினப்புறம் புதுக் கோடு போட்டீங்களா? கடிதத்துல அதப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. இன்னைக்கு சாயங்காலமே சீட்ட உருவி, நுனியிலருந்து 80 மி.மீ. அளந்து கோடு போட்டுட்டு, அப்புறமா பாப்பாவ ஓட்ட விடுங்க.